சாலையை அளக்கும் லேசர் வண்டி: ‘கரடுமுரடுமானி’ வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம்.

சாலையின் மேடுபள்ளத்தை லேசரால் அளந்துகொண்டே ஓடும் வண்டிக்கருவிக்கு (laser profiler) நம் கலைச்சொல் பட்டியலில் தமிழ்ப் பெயர் தேடுகிறோமே, அதற்குக் கும்பகோணத்து அக்கா கொடுத்த ‘சீரொளிக் கரடுமுரடுமானி’யை நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சீரொளி என்றால் லேசர். சொல்லே மோசமான சாலை மாதிரி குலுக்குகிறது. அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘கரடுமுரடு’தான் இடிக்கிறது.

சாலைக்காரர்கள் இரண்டைத் தனித்தனியாக அளக்கிறார்கள். ஜல்லி முனைகள் துருத்திக்கொண்டு டயரைப் பிடிக்கும் சொரசொரப்பு ஒன்று. அரை மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அடங்கும் ஏற்ற இறக்கம். மழையில் வண்டி வழுக்காமலிருக்க அது வேண்டும். இன்னொன்று அரை மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை நீளும் மேடுபள்ளம். இடுப்பை ஒடிப்பது இதுதான். ‘கரடுமுரடு’ என்றால் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம்.

நான் முதலில் ஆசைப்பட்டது ‘நொடி’, சாலைப் பள்ளத்துக்கு எங்கள் ஊர்ச்சொல். மாட்டுவண்டியில் போகும்போது “நொடி வருது, பிடிச்சுக்கோ” என்பார் அப்பா. ‘நொடிமானி’ என்று எழுதி மகளிடம் காட்டினேன். “ஸ்டாப்வாட்சாப்பா?” என்றாள். அதோடு போயிற்று. ‘மட்டமானி’யும் ஆகாது, மட்டமான சாமான் என்று காதில் விழும்.

போன வருஷம் இந்த வண்டி ஒன்றில் உட்கார்ந்து தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வரை போனேன். முன் பம்பரில் பெட்டி. அதிலிருந்து லேசர் புள்ளி தாரில் விழுந்து, சாய்வாகத் திரும்பி உணரியில் படுகிறது. தரை தாழ்ந்தால் உணரியில் புள்ளி நகரும், அந்த நகர்விலிருந்து உயரம் தெரியும். வண்டியே குதிக்கிறதே என்றால், அதற்கு ஒரு முடுக்கமானி, வேகம் மாறுவதை உணரும் கருவி. வண்டி எழும்பியதைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகிறது. ஆடும் பரிசலில் நின்று கழியை விட்டு ஆழம் பார்க்கிறவன் பரிசலின் ஆட்டத்தைத் தள்ளிப் பார்ப்பானே, அந்த மாதிரி. தூரத்தைச் சக்கரத்தில் மாட்டிய கருவி சொல்கிறது. கடைசியில் திரையில் மிஞ்சுவது சாலையின் முதுகில் நெடுக ஓடும் ஒரு கோடு. கொத்தனார் நூல் கட்டிப் பார்க்கும்போது தரை நூலைவிட்டு எங்கே விலகுகிறது என்று தெரியுமே, அதே கோடு. அதனால் ‘தளக்கோடு’ என்கிறேன், கருவி ‘தளக்கோட்டுமானி’. லேசர் லேசராகவே இருக்கட்டும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல மாட்டிக்கொண்டோம். நின்று நின்று ஊர்ந்தால் முடுக்கமானியின் கணக்கு கெட்டுவிடும் என்று அந்தத் துண்டின் அளவையே ஆபரேட்டர் தள்ளிவிட்டார். அதைத் தாண்டினால் குறுவை அறுவடை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமே, பாதிச் சாலையில் நெல் காய்கிறது. ஓரத்தில் செங்கல் வரிசை, நடுவில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு ஒரு பாட்டி. லேசருக்கு நெல்லும் தாரும் ஒன்றுதான். நெல்மேல் ஏறாமல் ஒதுங்கினால் சக்கரத்தடம் மாறிவிடும், ஏறினால் பாட்டி விடமாட்டார். ஒதுங்கித்தான் போனோம்.

இன்னொரு சொல்லும் பாக்கி, சாலை எவ்வளவு குலுக்கும் என்று சொல்லும் எண்ணுக்கு (IRI). தளக்கோட்டை வைத்துக் கணினி ஒரு கற்பனைச் சக்கரத்தை மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓட்டிப் பார்க்கிறது. சக்கரத்துக்கும் வண்டி உடலுக்கும் நடுவில் ஸ்பிரிங் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறி இறங்கியது என்று கூட்டி, கிலோமீட்டரால் வகுக்கிறது. உலக வங்கி 1982இல் பிரேசிலில் நடத்திய சோதனையிலிருந்து பிறந்த எண் இது. நம் பட்டியலில் ‘பன்னாட்டுக் கரடுமுரடுக் குறியீடு’ என்று கிடக்கிறது. ‘குலுக்கெண்’ போதாதா? “பஸ் குலுக்கி எடுத்துருச்சு” என்கிறவருக்கு விளக்கமே வேண்டாம்.

சக்கரம் ஓடி ஓடி விழும் நீளப் பள்ளத்துக்கு ‘தடப்பள்ளம்’ வைக்கலாமா? நெல் லாரி போகும் சாலைகளில் இது நிறைய.

——

தம்பி,

கோபமெல்லாம் இல்லை. குலுக்கெண்ணை எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சந்தேகம். ஜீப்புக்குப் பின்னால் ஒற்றைச் சக்கரத்தைக் கட்டி மணிக்கு 32 கிலோமீட்டரில் இழுத்துப் போவார்களே, அந்தப் பழைய கருவிக்கு என்ன பெயர்? அது கோடு எதுவும் போடுவதில்லை, குலுங்கியதைக் கூட்டிச் சொல்கிறது. ‘குலுக்குமானி’ அதற்குத்தானே போக வேண்டும்? லேசர் வண்டிக்கு யாரும் அந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள்.

‘தளக்கோடு’ கட்டடக்காரர்களுக்கு மாடித்தளத்தை நினைவுபடுத்தும். ‘சாலைக்கோடு’ என்றால்?

——

அக்கா, குலுக்குமானி அந்த ஒற்றைச் சக்கரத்துக்கே, சரி. ‘சாலைக்கோடு’ என்றால் நடுவில் அடிக்கும் வெள்ளைக்கோடு என்று நினைத்துவிடுவார்கள். மாடித்தளம் குறுக்கே வந்தால் ‘சாலைத் தளக்கோடு’ என்று எழுதிக்கொள்ளலாம். பட்டியலில் அப்படியே ஏற்றிவிடுகிறேன். தடப்பள்ளத்தைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன்.