எந்த உருவம் கீறினாலும் தோள் ரெண்டும் காதுக்குக் கிட்டப் போகுது, இது பயமோ பழக்கமோ?

கரிக்கட்டி:
எல்லாருக்கும் வணக்கம். நான் வேலை முடிஞ்சு வந்து பின்னேரங்களில படம் கீறுறனான், கரியும் பஸ்டலும்தான், பெரிய ஓவியன் எண்டெல்லாம் இல்லை. போன கிழமை சித்தி திருவலையில இருந்து தேங்காய் திருவேக்க கீறினன், பாத்திட்டு "என்னடா, நான் குண்டு போடுற பொம்மருக்குப் பதுங்கிற மாதிரியெல்லோ கிடக்கு" எண்டு சிரிச்சா. பிறகுதான் பழைய கொப்பியளைத் தூக்கிப் பாத்தன். சந்தையில மீன் விக்கிறவர், பஸ்ஸுக்கு நிக்கிற பள்ளிக்கூடப் பெட்டையள், கோயில் வீதியில கச்சான் விக்கிற அம்மா, ஒருத்தருக்கும் கழுத்து இல்லை, தோளுக்குள்ள புதைஞ்சு போச்சு, கண் எல்லாம் பக்கவாட்டில எதையோ பாக்குது.

95 ஒக்டோபர் கடைசியில சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து போகேக்க, நாவற்குழிப் பாலத்தால மழைக்குள்ள அம்மான்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க எனக்கு ஏழு வயசு. ஆனா சண்டையைப் பற்றி நான் ஒரு படமும் கீறினதில்லை, கீற விருப்பமும் இல்லை. படம் பழக்கின ஒராள் "அனாட்டமி பிழை, முதல்ல எலும்பைப் படி" எண்டிட்டார். எனக்குக் கீறத்தான் தெரியாதோ?

ஜாம்போத்தல்:
தம்பி, தோளை விடும், உம்மட படத்தில வெளிச்சம் எங்கயிருந்து வருகுது எண்டு பாத்தனீரோ? ஏன் கேக்கிறன் எண்டா எனக்கு இப்பவும் அது கீழ இருந்துதான் வருகுது. 90க்குப் பிறகு இஞ்ச கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் யானை விலை, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சைப் போட்டு நாலு துளி விட்டு திரி கொளுத்தி நிலத்தில வைச்சிட்டு எதிரில இருக்கிற ஆளைக் கீறுவம். நாடியும் மூக்குத் துவாரமும் புருவத்துக்குக் கீழ்ப்பக்கமும் வெளிக்கும், நெத்தி இருட்டு. எந்தப் பால்குடிப் பிள்ளையின்ர முகமும் அந்த வெளிச்சத்தில ஏதோ கண்டு பயந்த முகமாத்தான் தெரியும். முப்பது வருஷமாச்சு, ஜன்னலடியில வைச்சுக் கீறினாலும் என்ர கை நெத்தியைத்தான் முதல்ல கறுப்பாக்குது. பயம் எண்டுறது மனசுக்குள்ள மட்டும் இருந்து வாறேல்லை, விளக்காலயும் வரும், பெயின்ற் இல்லாததாலயும் வரும்.

இஞ்ச கனபேருக்குப் படம் பழக்கின ஓவியர் மாற்கு மாஸ்டரின்ர உருவங்களைப் பாத்திருப்பீர். 95இல அவரும் எல்லாத்தையும் விட்டிட்டு வெளிக்கிட்டவர்தான், கனக்க வேலையள் அதோட போச்சு, 2000இல ஆளும் போயிட்டார். அவரிட்டப் பழகின பிள்ளையள் கனபேர், ஆனா ஒவ்வொருத்தற்ற உருவமும் ஒவ்வொரு மாதிரி. ஒரே ஷெல்லுக்குப் பயந்த ஆக்கள்தானே எல்லாரும், அப்ப ஏன் ஒரே மாதிரி வரேல்லை? அதை யோசியும்.

கோடன்:
நான் கொஞ்சம் எதிராக் கதைக்கப் போறன், கோவிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தான் கீறினா முள்ளுக்கம்பி வேணும், வெறிச்ச கண் வேணும், வாயில்லாத முகம் வேணும், வெளியில இருந்து வந்து பாக்கிற ஆக்களுக்கு அதுதான் விருப்பம், நாங்களும் அதையே திருப்பித் திருப்பிக் குடுத்துக் குடுத்து இப்ப அது ஒரு டிசைன் ஆகிட்டுது. ஜேர்மன்காரி கேத்தெ கொல்விற்ஸ், 1914இல சண்டைக்குப் போன மகன் செத்திட்டான், அவ யுத்தம் எண்டு 7 மரச்செதுக்குப் படம் செய்து முடிக்க 1922, 23 ஆகிட்டுது. அதில தாய்மார் எல்லாரும் வட்டமா நிண்டு பிள்ளையளை நடுவுக்குள்ள பொத்திப் பிடிச்சிருக்கிற படத்தை ஒருக்காப் பாருங்கோ. துவக்கு இல்லை, ஆமி இல்லை, கை மட்டும்தான், அந்தக் கையின்ர தடிப்பே போதும். எட்டொன்பது வருஷம் பொறுத்திருக்கிறா மனுசி. கரிக்கட்டி, உங்களுக்கு அது தானா வருகுது எண்டா விடுங்கோ, ஆனா இனிமேல் வேணுமெண்டு தோளை உயர்த்தினீங்களோ அண்டைக்கே படம் பொய்.

படலையடி:
கரிக்கட்டி தம்பி, இதை நான் ஆரிட்டயும் சொன்னதில்லை. இந்தியன் ஆமி நிண்ட காலம், 88, எனக்கு ஒன்பது வயசு. சுற்றிவளைப்பில ஊர் முழுக்கக் கோயில் வீதியில இருத்திப்போட்டு ஒவ்வொருத்தரா தலையாட்டிக்கு, அதுதான் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆக்களைக் காட்டிக் குடுக்கிறவருக்கு, முன்னால நடத்தினவங்கள். தலையில சாக்கு, ரெண்டு ஓட்டை. எல்லாரும் அந்த ஓட்டையைப் பாக்கப் பயந்து நிலத்தைப் பாத்துக்கொண்டு போனவை, நானும்தான். அதால நான் கண்டது அவற்ற காலை. ஒண்டு நீல ஸ்லிப்பர், மற்றது சிவப்பு, சிவப்பின்ர வார் அறுந்து கட்டுக்கம்பியால முடிஞ்சிருந்தது, பெருவிரல் மட்டும் விடாம ஆடிக்கொண்டிருந்தது. அந்தாளும் பயந்துதான் நிண்டிருக்கு எண்டு கனகாலத்துக்குப் பிறகுதான் விளங்கினது.

கம்பஸில லைஃப் டிரோயிங், அதுதான் ஆளை முன்னால வைச்சுக் கீறுறது, பழகேக்க எல்லாரும் முகத்தில தொடங்க நான் காலில தொடங்குவன். மேல வர வரக் கை தளரும், முகத்துக்கு வந்தா நிண்டிடும். இப்பவும் கால் பாத்தா ஆள் ஆர் எண்டு சொல்லுவன், முகம் மறந்திடும். உங்களுக்கு அனாட்டமி பிழை எண்டு சொன்னவரிட்ட ஒண்டு கேளுங்கோ, பதுங்கி இருக்கிற ஆளின்ர எலும்பு எந்தப் புத்தகத்தில கிடக்கு எண்டு. (எண்டாலும் எலும்பு படிக்கிறது நல்லதுதான், அதையும் சொல்லோணும்.)

கரிக்கட்டி:
எல்லாருக்கும் நன்றி. வெளிச்சம் பாத்தன் அண்ணை, எனக்கு மேல இருந்துதான் வருகுது, அதால உங்கட வருத்தம் எனக்கு இல்லை. கோடன் சொன்னது கொஞ்சம் சுட்டது, ரெண்டு படத்தில நான் வேணுமெண்டுதான் கண்ணைப் பெரிசாக்கினனான், ஒத்துக்கொள்ளுறன். பிறகு ஒரு கூத்து. நேற்றுச் சித்தியிட்டத் திரும்பவும் இருக்கச் சொல்லிக் கேட்டன், "வலப்பக்கத் தோள்மூட்டு ஆறு மாசமா நோ, இறக்கேலாமக் கிடக்கு, ஆரிட்டயும் சொல்லேல்லை" எண்டிறா. அப்ப நான் கீறினது சரி! எந்தத் தோளைக் கண்டு கீறினனோ தெரியாது, இடப்பக்கமும் உயர்ந்துதானே கிடக்கு. திங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன். படலையடி அக்கா, நானும் காலில தொடங்கிப் பாக்கட்டோ?

படலையடி:
பாருங்கோ. செருப்பைக் கழட்டச் சொல்லாதேங்கோ.