ஒரே லினோவில் மூன்று நிறம்: விலகலும் ஒட்டாத மையும்

பச்சைமை:
ஏ4 லினோ (செதுக்கி அச்சிடும் லினோலியத் தகடு). ஒரே பலகையைப் படிப்படியாகச் செதுக்கி அச்சிடும் முறை. எண்ணெய் மை, 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பருத்திக் காகிதம், கரண்டியால் தேய்க்கும் கை அச்சு. காகிதத்தை லேசாக நனைத்துக்கொள்கிறேன். மஞ்சளும் பச்சையும் சரி. மூன்றாவது கருநீலம் கீழ் ஓரத்தில் ஒரு மி.மீ. விலகுகிறது. பச்சை தடித்த இடங்களில் மை பிடிக்காமல் புள்ளி புள்ளியாக நிற்கிறது. அக்ரிலிக் வண்ணத்தை உருட்டினால் சீக்கிரம் காயுமே, சரிவருமா?

உளிமுனை:
மேல் ஓரம் பொருந்தி, கீழ் ஓரம் மட்டும் விலகினால் காகிதம்தான் அளவு மாறியிருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விலகினால் பலகை நகர்ந்திருக்கும். உங்களுடையது முதல் வகை. நனைந்த காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். மூன்று முறையும் ஒரே ஈரத்தைக் கொண்டுவருவது பெரும்பாடு. உலர்ந்த காகிதத்திலேயே அச்சிடுங்கள். அப்படியென்றால் கரண்டிக்கு 220 கனம் அதிகம்: 40–60 ஜிஎஸ்எம் ஜப்பானியக் காகிதம் எடுங்கள், இல்லையேல் பிரஸ் வேண்டும்.

1958இல் பிக்காசோ, பழைய ஜெர்மன் ஓவியர் கிரானாக்கின் படத்தைத் தழுவிய உருவப்படத்தை நிறத்துக்கொரு பலகையாக அச்சிட்டார். பின்னர் அச்சாளர் அர்னேராவோடு ஒற்றைப் பலகைக்கு வந்தார். அதனால் பலகைகளைப் பொருத்தும் தொல்லைதான் தீரும். காகிதம் நகர்வது தீராது. எம்டிஎஃப் பலகையில், லினோ மூலையை அணைக்கும் எல் வடிவச் சட்டம் ஒன்றை லினோவின் உயரத்திலேயே ஒட்டுங்கள். காகிதத்தின் மேல் விளிம்பில் டெர்ன்ஸ்-பர்ட்டன் பட்டைகள் இரண்டு (பலகையில் ஒட்டிய முளைகளில் மாட்டி, காகிதத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்க உதவுபவை). கடைசி நிறம் முடியும்வரை அவற்றைப் பிரிக்கவே கூடாது. 12 பிரதி வேண்டுமானால் 16இல் தொடங்குங்கள். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

உருளை:
மை ஒட்டாததற்கு முந்தைய அடுக்குகளின் தடிமன்தான் காரணம். தடித்த மை மேலே கண்ணாடி போல இறுகிவிடும், அடுத்தது வழுக்கும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: உருளை மெல்ல 'ஸ்ஸ்' என்றால் அளவு சரி; பிசுபிசுவென்று சத்தம் வந்து மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலிருந்தால் மை அதிகம், நுண்கோடுகள் அடைபடும். அவசரத்துக்குக் கோபால்ட் டிரையரை (மையைச் சீக்கிரம் காயவைக்கும் திரவம்) நிறையக் கலப்பவர்கள் உண்டு; அது மினுமினுப்பைத்தான் கூட்டும். எடையில் 1–2 சதவீதம் தாண்ட வேண்டாம்.

பச்சைக்குத் தனி மையே தேவையில்லை என்பது என் கருத்து. நீலத்தில் பாதிக்கு மேல் எக்ஸ்டெண்டர் (மையை ஒளி ஊடுருவச் செய்யும் நிறமற்ற கலவை) கலந்து மஞ்சள்மேல் உருட்டினால் பச்சை தானாக வரும், அடுக்கும் மெலிதாக இருக்கும்.

தூரிகை:
சாதாரண அக்ரிலிக் வேண்டாம். உருளையிலேயே காயும், காகிதம் லினோவோடு ஒட்டிக் கிழியும். காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் கூடினால் காய்ந்த பிறகும் பிசுக்கு நிற்கும். அக்ரிலிக்கை அடியில் வையுங்கள்: மேட் வகையை நீர்க்கத் தீட்டி, முழுக்கக் காயவிட்டு, அதன்மேல் கருநீலத்தை எண்ணெய் மையில் அச்சிடலாம். எண்ணெய் மைமேல் அக்ரிலிக் பூசினால் உரியும். தூரிகைத் தடம் மேடாக நிற்கக் கூடாது, அதன் பக்கத்தில் மை இறங்காது. வெயில் காலத்தில் அக்ரிலிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். இடையில் சிலிகான் தாள் போடுங்கள்.

பச்சைமை:
ஏற்கெனவே மினுமினுப்பாகிவிட்ட பச்சைக்கு வழி உண்டா?

உருளை:
முழுக்கக் காய்ந்த பிறகு டால்க் பவுடரை மெல்லத் தூவி, மென்துணியால் துடைத்துவிட்டு நீலத்தை அச்சிடுங்கள். முதலில் அந்த உபரி நான்கில் ஒன்றில்.