நைல் நதிக் கப்பலா, லக்ஸர் விடுதியா? பெற்றோருடனான பயணம் குறித்து ஒரு விவாதம்

நிலாமுற்றம்:
அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் 68 வயதான அம்மாவையும் 72 வயதான அப்பாவையும் எகிப்துக்கு அழைத்துச் செல்ல இருக்கிறேன். கெய்ரோவுக்கு ஒதுக்கியது போக எட்டு இரவுகள் மீதம் இருக்கின்றன. நைல் கரை நகரமான லக்ஸரிலிருந்து தெற்கே அஸ்வான் வரை நான்கு இரவுக் கப்பலில் போவதா, லக்ஸரில் விடுதி எடுத்துத் தங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு ரயிலில் அஸ்வான் போவதா என்பதில் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. அம்மாவுக்கு நைலில் மிதக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். சுவர்களின் முன் நின்று பார்க்க நேரம் வேண்டும் என்கிறார். போய்வந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கற்றளி:
நான் உங்கள் அப்பாவின் பக்கம். இதே கப்பல் பயணத்தை நான் மேற்கொண்டிருக்கிறேன். மறுமுறை வாய்ப்புக் கிடைத்தால் கப்பலில் ஏறமாட்டேன். நான்கு இரவுகள் என்று சொன்னாலும், முதல் இரவு லக்ஸர் கரையிலும் கடைசி இரவு அஸ்வான் கரையிலும் கப்பல் கட்டியே கிடக்கும். நடுவில் எஸ்னா அணையின் நீர்மதகில் முன்னே நிற்கும் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். கரையில் இடம் போதாததால் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுகிறார்கள். நான்காவதாக நிற்கும் கப்பலில் இருப்பவர் மற்ற மூன்று கப்பல்களின் வரவேற்பறைகளைக் கடந்துதான் கரையேற முடியும். அப்போது அறைச் சன்னலைத் திறந்தால் நைல் தெரியாது, பக்கத்துக் கப்பலின் சுவர்தான் தெரியும்.

வழியில் கப்பல் நிற்கும் எட்ஃபுவில் எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் விளங்கும். அங்குள்ள, பருந்துத் தெய்வமான ஹோரஸின் கோயில் கி.மு. 237-இல் மன்னர் மூன்றாம் தாலமியின் காலத்தில் தொடங்கப்பட்டு, 180 ஆண்டுகள் கழித்து கி.மு. 57-இல் நிறைவுற்றது. கூரையும் சுற்றுமதிலும் இவ்வளவு முழுமையாக நிற்கும் கோயில்கள் எகிப்தில் மிகக் குறைவு. வாயில் கோபுரத்திலிருந்து கருவறை வரை சுவர்களில் ஒரு சாண் இடம்கூட விடாமல் எழுத்தும் சிற்பமும் நிறைந்திருக்கின்றன. அத்தகைய கோயிலில் எங்களுக்குக் கிடைத்தது எழுபது நிமிடங்கள், அதிலும் பாதி முன்முற்றத்தில் வழிகாட்டியின் விளக்கத்தில் கழிந்தது. அந்தக் காலையில் கரைசேர்ந்த எல்லாக் கப்பல்களின் பயணிகளும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்ததால், கருவறையை முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தேன். இத்தனை தொலைவு வந்து அப்படிப் பார்த்தது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

லக்ஸரில் தங்கினால், மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் நைலின் மேற்குக்கரைக்கே இரண்டு முழு நாட்கள் தரலாம். கப்பல் நிறுவனங்கள் பொதுவாக விட்டுவிடும் தெய்ர் எல்-மதீனாவை அப்பாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள். மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் அது. மன்னர் மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கூலியாகத் தரவேண்டிய தானியம் வராததால் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது அதைத்தான். அவர்களுடைய வீடுகளின் அடித்தளங்கள் தெருவோடு அப்படியே இருக்கின்றன.

ஆற்றுப்படை:
கற்றளி அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் எட்டும் முடிவோடு உடன்பட முடியவில்லை. எகிப்தை ஆற்றிலிருந்து பார்ப்பதும் சாலையிலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. பண்டைய எகிப்திய எழுத்தில் 'தெற்கே செல்லுதல்' என்ற சொல்லோடு பாய் விரித்த படகையும், 'வடக்கே செல்லுதல்' என்ற சொல்லோடு பாய் இறக்கிய படகையும் வரைந்தார்கள். ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே போவதற்குக் காற்றும் திரும்புவதற்கு நீரோட்டமும் துணைநின்றன. திசையைப் படகால் எழுதிய மக்களின் நாட்டில், கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்து, இரு கரையிலும் பேரீச்ச மரங்களும் வயலும் சிறிது தூரம் ஓடி அதற்கப்பால் சட்டென்று பாலைவனம் எழுவதைப் பார்க்கும்போதுதான் அந்த நாகரிகம் ஏன் இவ்வளவு ஒடுங்கிய நிலத்தில் இவ்வளவு நீளமாக வளர்ந்தது என்று புரிகிறது.

கோம் ஓம்போவும் அப்படித்தான். முதலைத் தெய்வமான சோபெக்குக்கும் மூத்த ஹோரஸுக்குமாக இரட்டை வழிகளும் இரட்டைக் கருவறைகளும் கொண்ட அந்தக் கோயில் ஆற்றின் வளைவிலேயே நிற்கிறது. அதன் முகப்பின் ஒரு பகுதியை நைலே அரித்துக்கொண்டு போயிருக்கிறது. வெள்ளத்தின் உயரத்தை அளந்து அந்த ஆண்டின் விளைச்சலையும் வரியையும் கணிக்கப் பயன்பட்ட நீர்மானிக் கிணறு அங்கே இருக்கிறது. மாலை வெளிச்சத்தில் கப்பல் அந்த வளைவில் திரும்பும்போது கோயில் தெரியும் காட்சி பேருந்தில் வருபவருக்குக் கிடைக்காது.

இன்னொன்று, நமக்கே உரியது. செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் 'பானை ஒறி' என்று தமிழ்-பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. பெரெனிகேயிலும் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடு கிடைத்திருக்கிறது. நம் கடற்கரையிலிருந்து போன மிளகு அந்தத் துறைகளில் இறங்கி, ஒட்டகங்களில் பாலைவனத்தைக் கடந்து, நைல் கரையிலுள்ள கோப்டோஸில் படகேறி அலெக்சாந்திரியா சென்றது. அந்த ஆற்றில் போகாமல் திரும்புவதற்கு எனக்கு மனம் வராது.

கற்றளி:
கோப்டோஸ் பற்றிச் சொன்னதற்கு நன்றி, ஆனால் அந்தச் சான்று என் பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. இன்று கிஃப்ட் என்று வழங்கும் அந்த ஊர் லக்ஸருக்கு வடக்கே இருக்கிறது. நீங்கள் பரிந்துரைக்கும் கப்பலோ தெற்கே போகிறது. லக்ஸரில் தங்குபவர் ஒரு நாள் கார் எடுத்தால் அந்த வழியாகவே டெண்டெரா சென்று, பெண் தெய்வமான ஹாத்தோரின் கோயிலில் நீலம் துலங்கும் விதானத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம்.

ஆற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பண்டைய எகிப்து மன்னர்களான பரோக்கள் அறிந்த நைல் ஆண்டுதோறும் பெருகி வடிந்த ஆறு. 1970-இல் அஸ்வான் உயர் அணை நிறைவடைந்த பிறகு அந்த வெள்ளம் அங்கே வருவதில்லை, கோம் ஓம்போவின் நீர்மானிக்கு அளப்பதற்கு எதுவும் இல்லை. நீங்கள் மேல்தளத்திலிருந்து பார்ப்பது அழகான ஆறுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பழமை நின்றிருப்பது கல்லில், கல்லுக்கு வேண்டியது நேரம்.

மருதநிலம்:
இருவரும் பெரிய கப்பலை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். எஸ்னாவிலிருந்து அஸ்வான் வரை தஹபியா என்னும் இரட்டைப் பாய்மரப் படகுகள் செல்கின்றன. விரல்விட்டு எண்ணத்தக்க அறைகளே இருக்கும். காற்று இல்லாதபோது சிறு இழுவைப் படகு இழுத்துச் செல்லும். எஸ்னா அணையைத் தாண்டிய இடத்திலேயே படகில் ஏறுவதால் நீர்மதகில் காத்திருக்கவும் வேண்டாம். பெரிய கப்பல்கள் நிற்காமல் கடந்துவிடும் கெபெல் எல்-சில்சிலாவில் இவை நிற்கும். லக்ஸரின் கர்னாக் உள்ளிட்ட கோயில்களுக்கு மணற்கல் வெட்டிய குவாரி அது. செங்குத்தாக அறுத்த கல் சுவர்களில் உளித் தடங்கள் இன்றும் வரிவரியாக இருக்கின்றன. வெட்டிய கல்லை அங்கேயே படகில் ஏற்றினார்கள். ஆறும் கல்லும் வேறுவேறு என்று கற்றளி பிரிப்பது அந்த இடத்தில் நின்றால் பொருந்தாது.

அணையைப் பற்றிப் பேசும்போது, அஸ்வானுக்குத் தெற்கே நைல் கரையில் வாழ்ந்த நூபியர்களை விட்டுவிடக் கூடாது. 1963-64-இல் எகிப்தின் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 நூபியர்கள் அணை தேக்கிய நீருக்கு ஊர்களை இழந்து கோம் ஓம்போ பகுதியில் குடியமர்த்தப்பட்டார்கள். அந்த நீரில் மூழ்கவிருந்த அபு சிம்பெல் கோயிலை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, பழைய இடத்தைவிட ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தி உலகம் காப்பாற்றியது. அதே நீரில் மூழ்கிய கிராமங்களுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. அஸ்வானில் இருக்கும் நூபியா அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிலாமுற்றம்:
மூவருக்கும் மிக்க நன்றி. தஹபியாவின் கட்டணம் எங்கள் கைக்கு எட்டவில்லை; குறுகிய பலகை வழியாகக் கரையிறங்குவதும் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. இப்போது வேறு திட்டம் தோன்றுகிறது. அஸ்வானுக்கு விமானத்தில் போய் இரண்டு இரவுகள் தங்கி, அங்கிருந்து வடக்கே வரும் மூன்று இரவுக் கப்பலில் லக்ஸர் வந்து, மீதி மூன்று இரவுகள் மேற்குக்கரையில் விடுதியில் இருப்பது. இது சரிவருமா? அபு சிம்பெலையும் சேர்க்கலாமா?

ஆற்றுப்படை:
நல்ல திட்டம். அபு சிம்பெல் அஸ்வானிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டு, போக மூன்று மணி நேரத்துக்கு மேலும் வர அதே அளவும் காரில் உட்கார வேண்டும். கப்பல் ஏறும் நாளில் அதை வைக்காதீர்கள், அம்மா களைத்துப்போவார். எட்ஃபு விஷயத்தில் கற்றளி சொன்னது உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பயணத்திலும் அங்கே நெரிசலாகத்தான் இருந்தது. படித்துறையிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டியில் அழைத்துப்போவார்கள். குதிரைகளின் நிலை பார்க்கச் சகிக்காததால் நாங்கள் ஆட்டோ பிடித்துப் போனோம்.

கற்றளி:
மூன்று இரவுகள் லக்ஸருக்குக் குறைவு என்றே இன்னும் நினைக்கிறேன், ஆனாலும் முதல் திட்டத்தைவிட இது மேல். கப்பல் ஏற்பாடு செய்யும் லக்ஸர் சுற்றுலாவை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அதைத்தான் நீங்கள் நிதானமாகத் தனியே பார்க்கப்போகிறீர்களே. மன்னர்களின் பள்ளத்தாக்கில் சாதாரண நுழைவுச்சீட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். நான்காம் ராம்செஸின் கல்லறை நேராகவும் மெல்லிய சரிவாகவும் இருப்பதால் அம்மாவுக்கு ஏற்றது. மன்னர் முதலாம் சேதியின் கல்லறை திறந்திருந்தால் அதற்குத் தனிச் சீட்டு, படிகள் செங்குத்து; அப்பா மட்டும் இறங்கட்டும்.

எட்ஃபுவில் நேரம் குறைவாகக் கிடைத்தால் கருவறைக் கூட்டத்தில் நிற்காமல், மேற்குச் சுற்றுமதிலின் உட்புறத்துக்கு நேரே போய்விடுங்கள். ஹோரஸ் தன் பகைத் தெய்வமான சேத்தை ஈட்டியால் வெல்லும் கதை அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சேத் அதில் நீர்யானை வடிவில் இருக்கிறான். ஆனால் தீங்கு செய்ய வல்ல உருவம் என்பதால் அதைக் காலடியில் கிடக்கும் நாய்க்குட்டி அளவுக்கே செதுக்கியிருக்கிறார்கள். நான் திரும்பும் வழியில் இரண்டு நிமிடங்கள்தான் அதைப் பார்த்தேன். உங்கள் அப்பாவுக்கு அரை மணி நேரமாவது கிடைக்கட்டும்.