மூத்தோரின் குரல்பதிவுகளை இலவசச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுக்கலாமா?

கேள்வி: செம்பவாங் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத்தில் இயங்கும் சிறிய வாசகர் வட்டம் ஒன்று, சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழ் மூத்தோரின் நினைவுகளைக் குரல்பதிவாகச் சேகரித்து வருகிறது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக 1968 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது தளத்தை நம்பியிருந்த குடும்பங்களின் பிழைப்பு ஒரே நாளில் கேள்விக்குறியானது. அன்று முதல், தூரகிழக்குப் படைத் தலைமையகம் கலைக்கப்பட்ட 1971 அக்டோபர் வரையிலான காலத்தை நேரில் வாழ்ந்து பார்த்தவர்களில் பலர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

பதிவு செய்வது எளிது. கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வதில்தான் வேலை தேங்கி நிற்கிறது. எங்கள் தொண்டூழியர்களில் இளையவர் ஒருவர், ஒலிக்கோப்பை ஏற்றினால் சில நிமிடங்களில் தமிழ் எழுத்தாகவும் சுருக்கமாகவும் தந்துவிடும் இலவசச் செயலி ஒன்றைப் பரிந்துரைத்தார். அதன் பயன்பாட்டு விதிகளைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். ஏற்றப்படும் ஒலியை "சேவையை மேம்படுத்த" நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளும் என்றும், அது வெளிநாட்டுக் கணினிகளில் சேமிக்கப்படும் என்றும், கணக்கை மூடிய பிறகும் ஒரு பகுதி தக்கவைக்கப்படலாம் என்றும் எழுதியிருந்தது. இந்தப் பதிவுகளில் வேலை அனுபவம் மட்டும் இல்லை. யாரிடம் வட்டிக்கு வாங்கினார்கள், எந்த மகன் பேசுவதில்லை, எந்த நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் வந்துவிடுகிறது. எங்களை நம்பி வீட்டுக்குள் அழைத்து, காப்பி கொடுத்து, சொன்ன பேச்சு அது.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்பவள் அல்லள் நான். அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நடக்காது. எங்கள் வட்டமே வாட்ஸப் குழுவில்தான் கூடுகிறது. ஆனால் எனக்கு வசதி என்பதற்காக இன்னொருவருடைய குரலை ஒரு நிறுவனத்தின் கையில் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டா? எந்த இடத்தில் கோடு போடுவது? இத்தகைய பணியில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: தரவுக் காவலர்

தங்கள் கேள்வி மிகவும் முக்கியமானது. நான் ஒரு நிறுவனத்தில் தரவுப் பாதுகாப்பு அதிகாரியாகப் பணிபுரிகிறேன். அந்தப் பழக்கத்தில் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம்முடைய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. "நாங்கள் நிறுவனம் இல்லையே, நாலு பேர் கூடும் வட்டம்தானே" என்று பலரும் நினைக்கிறார்கள். அச்சட்டத்தில் அமைப்பு என்பது பதிவு செய்யப்படாத குழுக்களையும் உள்ளடக்கும். தனிப்பட்ட, குடும்ப நோக்கத்துக்காகச் செய்வதற்கு விலக்கு உண்டு; பேரன் தன் தாத்தாவைப் பதிவு செய்தால் அது பொருந்தும். பலரிடம் திரட்டித் தொகுப்பாக வெளியிடும் திட்டத்துக்கு அந்த விலக்கை நம்பி இருக்காதீர்கள். எதற்காகத் திரட்டுகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், சொன்ன நோக்கத்தைத் தாண்டக் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பினால் இங்குள்ளதற்கு நிகரான பாதுகாப்பு அங்கும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெற நினைப்பவருக்கு வழி வைக்க வேண்டும். தங்கள் திட்டத்துக்கு இன்னொன்றும் முக்கியம்: ஒருவர் காலமான பிறகும் பத்து ஆண்டுகள்வரை அவருடைய தரவை வெளியிடுவதற்கும் பாதுகாப்பதற்கும் உரிய கடமைகள் தொடர்கின்றன.

ஆனால் சட்டம் தரும் பாதுகாப்பை மட்டும் நம்பி அமைதி அடைந்துவிட முடியாது. 2021 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தங்கள், வணிக மேம்பாடு போன்ற சில நோக்கங்களுக்கு, உரிய நிபந்தனைகளுடன், சம்மதம் இன்றியே தரவைப் பயன்படுத்த நிறுவனங்களுக்கு இடம் தந்தன. நோக்கம் நகர்ந்து போவதும் நாம் கண்டதுதான். கொவிட்-19 தொற்றுத் தடமறிதலுக்காகவே என்று மக்கள் ஏற்றுக்கொண்ட டிரேஸ்டுகெதர் செயலியின் தரவைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறையும் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டும் என்று சட்டம் இயற்றி எல்லை வகுத்தார்கள். எல்லையை முதலிலேயே எழுதி வைத்திருந்தால் மக்களின் மனத்தில் அந்தக் கசப்பு வந்திராது என்பது என் கருத்து. தங்கள் வட்டம் இப்போதே எழுதி வைக்கலாம்.

சம்மதத்தைக் காகிதத்தில் மட்டும் வாங்காதீர்கள். படிக்கச் சிரமப்படும் மூத்தோரிடம் பொடி எழுத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது பெயருக்குத்தான் சம்மதம். பதிவின் தொடக்கத்திலேயே, "இதை இன்னார் கேட்பார்கள், இப்படி எழுத்தாக்குவோம், இங்கே வைப்போம், வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம், சரிதானா?" என்று பேச்சுத் தமிழில் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

மறுமொழி: பொங்கோல் நிரலர்

அக்கா, இலவசச் செயலியா தட்டச்சா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இன்று இல்லை. ஒலியை வெளியே அனுப்பாமல் உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே எழுத்தாக்க முடியும். ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் விஸ்பர் என்னும் பேச்சறிதல் மாதிரியைக் கட்டற்ற எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. அதன் கோப்பை ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் பிறகு இணையமே தேவையில்லை. நான் என் பாட்டியின் பதிவுகளை அப்படித்தான் எழுத்தாக்குகிறேன். முதலில் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் நிரலை ஓடவிடுவேன். அணைத்த நிலையிலும் அது வேலை செய்கிறது என்றால் குரல் எங்கும் போகவில்லை என்பதை நானே கண்ணால் பார்த்துவிடுகிறேன். யாருடைய தனியுரிமை அறிக்கையையும் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதுவும் ஒரு பெருநிறுவனம் உருவாக்கியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு அதைப் பயிற்றுவித்தார்கள். அந்த ஒலிக்கு உரியவர்களிடம் தனித்தனியே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்த நெருடல் எனக்கும் உண்டு. ஆயினும் கோப்பு என் கையில் இருக்கும்வரை, நிறுவனம் நாளைக்கு விலையை ஏற்றினாலும், விதிகளை மாற்றினாலும், சேவையையே மூடினாலும் என் வேலை நிற்காது. நாம் நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்துவதற்கும் நிறுவனத்தின் பிடியில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

தமிழில் அதன் தரத்தைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். பயிற்சி ஒலியில் பெரும்பகுதி ஆங்கிலம். நம் மூத்தோரோ தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுபவர்கள். "காஜி வாங்கின மறுநாள் டோக்கியார்டு வாசல்ல நின்னோம்" என்று என் பாட்டி சொன்னதை, "காசி வாங்கின மறுநாள் தோட்டிக்காடு வாசல்ல நின்னோம்" என்று எழுதிக் கொடுத்தது. சம்பளமும் கப்பல் பட்டறையும் காணாமல் போயின! இதைவிடப் பெரிய ஆபத்து மௌனம். பேசுபவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தால், அந்த இடைவெளியில் யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தை அது தானாகவே இட்டு நிரப்பிவிடும். அல்லது முந்தைய வரியைத் திரும்பத் திரும்ப எழுதும். வரலாற்றுப் பதிவில் இது பெரும் கேடு. ஆகவே எழுத்தாக்கிய ஒவ்வொரு பக்கத்தையும், ஒலியைக் கேட்டபடியே, அந்த வட்டாரப் பேச்சு தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். சுருக்கம் எழுதும் வேலையை எந்த இயந்திரத்திடமும் விடாதீர்கள். எது முக்கியம் என்று முடிவு செய்வது உங்கள் வட்டத்தின் வேலை.

மறுமொழி: தேக்கா மூத்தவர்

எனக்கு வயது எழுபத்தொன்பது. மூத்தோர் மூத்தோர் என்று எங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். எங்களில் ஒருவனாக இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

அச்சத்தால் பணியை நிறுத்திவிடாதீர்கள். கடற்படைத் தளத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. அவர்கள் எதையும் பதிவு செய்யாமலே போய்விட்டார்கள். அந்த இழப்புக்கு முன்னால் ஒரு செயலியின் விதிமுறை பெரிதா என்றுகூட எனக்குச் சில வேளைகளில் தோன்றும். அதே சமயம், எங்களுக்குப் புரியாது என்று நீங்களாகவே எங்கள் சார்பில் முடிவெடுப்பதும் சரியில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இல் தொடங்கப்பட்டது. பேட்டி கொடுப்பவரிடமே அதை யார் கேட்கலாம், எந்த நிபந்தனையில் கேட்கலாம் என்று எழுதி வாங்கும் வழக்கம் அங்கே உண்டு. நீங்களும் அதையே செய்யுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டிய கதை வேறு, என் பேத்திக்கு மட்டும் சொல்ல வேண்டிய கதை வேறு என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். வட்டிக்கடைக்காரரின் பெயர் வரும்போது, "ஐயா, இது பதிவில் இருக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், வேண்டாம் என்றால் நாங்களே சொல்வோம்.

குரலைப் போலவே பேசி ஏமாற்றும் மோசடியைப் பற்றி என் மகள் அடிக்கடி எச்சரிப்பாள். சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு மட்டும் மோசடிகளில் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளி. அதில் எங்கள் தலைமுறையினரின் சேமிப்பும் உண்டு. அதனால் மணிக்கணக்கில் பேசிய பதிவைப் பெயரோடு சேர்த்து இணையத்தில் போடுவதை நான் விரும்பமாட்டேன். எழுத்தாகப் போடுங்கள், அதில் எனக்குப் பெருமைதான்.

செம்பவாங் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன அந்தக் கேள்வியை இனி ஒவ்வொரு பதிவிலும் கேட்போம். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. இதுவரை எடுத்த பதிவுகள் எல்லாம் வாட்ஸப் குழுவில்தான் பகிரப்பட்டுள்ளன, அது பாதுகாப்பானதா? எழுத்தாக்கியவற்றை இணையத்தில் வெளியிடும்போது, "செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால் அது செல்லுமா?

மறுமொழி: பொங்கோல் நிரலர்

வாட்ஸப்பில் ஒருவர் அனுப்புவதை மற்றவர் மட்டுமே திறக்கும்படியான மறையாக்கம் 2016 முதல் உண்டு; செய்தியின் உள்ளடக்கத்தை நிறுவனம் படிக்க முடியாது. யார் யாருடன் எப்போது தொடர்பு கொண்டார் என்பது அதற்குத் தெரியும். பலர் கவனிக்காத இடம் காப்புப்படி. மேகக் கணிமைக்குச் செல்லும் படியை மறையாக்கம் செய்யும் வசதி 2021இல் வந்தது, ஆனால் அதை நாமேதான் இயக்க வேண்டும். குழுவில் உள்ள ஒவ்வொருவரின் கைபேசியிலும் அந்தப் பதிவுகள் ஒரு படி கிடக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஒலிக்கோப்புகளை இரண்டு வெளிவட்டுகளுக்கு மாற்றி, இரண்டு பேர் வீட்டில் வைத்துவிட்டு, குழுவிலிருந்து நீக்கும்படி எல்லாரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி: ஜூரோங் எழுத்தாளர்

இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் எழுதுகிறவர்களுக்கு இது நாளும் உறுத்தும் செய்தி. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த நம் காப்புரிமைச் சட்டம், சட்டப்படி அணுகக்கூடிய படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்க அனுமதிக்கிறது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியும் அதில் அடங்கும். வணிக நோக்கமும் விலக்கப்படவில்லை. ஒப்பந்த வாசகம் ஒன்றைச் சேர்த்து அந்த அனுமதியை நீக்கவும் முடியாது. ஆகவே யாரும் திறந்து படிக்கக்கூடிய பக்கத்தில் இட்டுவிட்டு ஒரு வரியால் தடுத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். அந்த வரியை எழுதுங்கள், உங்கள் விருப்பம் பதிவாகட்டும். காவலுக்கு அதை நம்பாதீர்கள்.

இயந்திரங்கள் தமிழைக் கற்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு அன்று. தமிழையும் உள்ளடக்கிய சீ-லயன் போன்ற செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் இங்கேயே உருவாவதை நான் வரவேற்கிறேன். பெருநிறுவனங்கள் வழிவிடும் என்று காத்திராமல், 1990களிலேயே எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்றினார். முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் நடந்ததும் சிங்கப்பூரில்தான். எனக்கு வேண்டியது, கேட்டுவிட்டு எடுக்கும் மரியாதை. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் ஐம்பது ஆண்டு நூல்களை 2015இல் மின்னிலக்கமாக்கியபோது எழுத்தாளர்களிடம் அனுமதி பெற்றுத்தான் செய்தார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு கொடுத்தோம். 70 மில்லியன் வெள்ளியில் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய மொழி மாதிரித் திட்டத்துக்காக மறு ஆண்டு எழுத்தாளர்களின் கருத்தைக் கேட்டபோது பலர் தயங்கியதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லாமை அன்று. தங்கள் எழுத்தை யார் கையாள்வார்கள், ஈடு என்ன, பின்னால் எங்கே போகும் என்னும் கேள்விகளுக்குத் தெளிவான விடை வேண்டும் என்றார்கள்.

உங்கள் தொகுப்புக்கு என் யோசனை இதுதான். மூத்தோர் ஒப்புக்கொண்ட பகுதிகளை மட்டும் செம்மைப்படுத்தி அச்சு நூலாகக் கொண்டுவாருங்கள், இணையத்தில் சில பக்கங்களை மட்டும் இடுங்கள். முழு ஒலிப்பதிவை ஆவணக் காப்பகம் ஏற்குமா என்று எழுதிக் கேளுங்கள். ஏற்றால், நேரில் வந்து கேட்பவருக்கு மட்டும் என்ற நிபந்தனையை ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். ஒலி இணையத்துக்குப் போக வேண்டாம் என்பதில் தேக்கா ஐயாவுடன் முழுமையாக உடன்படுகிறேன். சம்மத வாசகத்தின் வரைவை இங்கே இட்டால், எழுத்தாளர் தரப்பிலிருந்து விடுபட்டவற்றை நான் குறித்துத் தருகிறேன்.