முதல் டி அண்ட் டி கேரக்டர்: டுவார்ஃப் கிளெரிக், சில சந்தேகங்கள்

புதுப்பகடை:

வணக்கம். நண்பர்கள் சேர்ந்து வருகிற சனிக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு தொடங்குகிறோம். கம்ப்யூட்டரில் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக ஆடுகிற ஆட்டம்) நிறைய ஆடியிருக்கிறேன், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது இதுதான் முதல் தடவை. டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) சொன்னது இவ்வளவுதான்: லெவல் 1, பாயிண்ட் பை 27 (27 பாயிண்டுக்குத் திறன் ஸ்கோர்களை வாங்குவது), யாராவது ஒருவர் காயத்தை ஆற்றுகிற ஆளாக இருந்தால் நல்லது. நான் டுவார்ஃப் (குள்ள இனம்) கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுகிற பூசாரி) எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

27 பாயிண்டில் 15, 14, 14, 10, 10, 8 வாங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எதை எங்கே வைப்பது? ஷீட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் 15 என்று ஒரு எண், +2 என்று இன்னொரு எண் இருக்கிறதே, டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டும்போது எதைக் கூட்ட வேண்டும்? நான் படிக்கிற இலவச பிடிஎஃப்பில் டுவார்ஃப்புக்கு கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) +2 என்று போட்டிருக்கிறது, நண்பன் வாங்கி வைத்திருக்கிற புத்தகத்தில் டுவார்ஃப் பக்கத்தில் அப்படி எண் எதுவுமே இல்லை, பேக்ரவுண்டில் (கேரக்டரின் பழைய வாழ்க்கை) +2, +1 தருகிறார்கள். இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா? செயின் மெயில் கவசம் போட்டால் ஆர்மர் கிளாஸ் (எதிரி நம்மை அடிக்க எட்ட வேண்டிய எண்) எவ்வளவு, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 8 என்றால் அதில் குறையுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கல்சுத்தியல்:

நல்ல தேர்வு, முதல் கேரக்டருக்கு டுவார்ஃப் கிளெரிக் மாதிரி தாங்குகிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

முதலில் அந்த இரண்டு எண் விஷயம். ஆட்டத்தில் நீங்கள் கூட்டப்போவது எப்போதும் சின்ன எண்ணைத்தான், அதாவது மாடிஃபையர். ஸ்கோரில் 10 கழித்துப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழ்ப்பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். 14க்கும் 15க்கும் ஒரே +2 தான், 16 வந்தால் +3, 8க்கு -1. ஆகவே ஒற்றைப்படை ஸ்கோர் தனியாக நின்றால் பெரிதாகப் பிரயோஜனமில்லை, போனஸ் சேர்ந்து இரட்டைப்படைக்கு ஏறினால்தான் மதிப்பு. பாயிண்ட் பையில் 13 வரை ஒவ்வொரு படிக்கும் 1 பாயிண்ட், 14க்கு மொத்தம் 7, 15க்கு மொத்தம் 9 என்று விலை ஏறுவதால் இதைப் பார்த்து வாங்கினால் நிறைய மிச்சமாகும். உங்கள் கணக்கு சரி, 9+7+7+2+2+0, மிகச் சரியாக 27.

அடுத்து புத்தகம். நீங்கள் படிப்பது 2014 விதி, நண்பரிடம் இருப்பது 2024ல் வந்த திருத்தப்பட்ட புத்தகம். 2014ல் போனஸ் இனத்திலிருந்து வரும், 2024ல் அதையே பேக்ரவுண்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. எந்த விதியில் ஆடுகிறோம் என்று டிஎம்மிடம் இன்றைக்கே ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2014 என்றால் இப்படி வைப்பேன்: ஸ்ட்ரெங்த் 14, டெக்ஸ்டெரிட்டி 8, கான்ஸ்டிட்யூஷன் 14, இன்டெலிஜென்ஸ் 10, விஸ்டம் 15, கரிஸ்மா 10. கிளெரிக்கின் மந்திரமெல்லாம் விஸ்டத்தில் ஓடுவதால் பெரிய எண் அங்கேதான். ஹில் டுவார்ஃப் எடுத்தால் கான்ஸ்டிட்யூஷன் +2, விஸ்டம் +1, இரண்டுமே 16 ஆகிவிடும், இரண்டிலும் +3. டொமைன் (கிளெரிக்கின் சிறப்புப் பிரிவு) லைஃப் எடுங்கள். இலவச பிடிஎஃப்பில் டுவார்ஃப்பில் ஹில் டுவார்ஃப்பும், டொமைனில் லைஃப்பும் மட்டும்தான் இருக்கும், அதனால் புத்தகம் வாங்காமலேயே முழு கேரக்டரும் அதிலிருந்தே வந்துவிடும்.

இப்போது ஷீட்டை நிரப்பலாம். ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கலாம் என்கிற எண்): லெவல் 1ல் டைஸ் உருட்ட வேண்டாம், கிளெரிக்கின் டி8க்கு முழு 8, கான்ஸ்டிட்யூஷன் 3, ஹில் டுவார்ஃப்புக்குக் கூடுதலாக 1, மொத்தம் 12. ஆர்மர் கிளாஸ்: லைஃப் டொமைன் கனமான கவசம் போட அனுமதி தருகிறது, செயின் மெயில் 16, கேடயம் 2, ஆக 18. கனமான கவசத்தில் டெக்ஸ்டெரிட்டி கூடவும் கூடாது, குறையவும் குறையாது, அதனால் உங்கள் -1 இங்கே ஒன்றும் செய்யாது. ஆனால் மறைந்து பதுங்கிப் போகும்போது டிஸ்அட்வான்டேஜ், இரண்டு டி20 உருட்டிச் சின்னதைத்தான் எடுக்க வேண்டும். வார்ஹாமரால் அடித்தால் டி20 உடன் ஸ்ட்ரெங்த் 2, ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான போனஸ்) 2, மொத்தம் +4, பட்டால் டி8+2. உங்கள் மந்திரத்தை எதிரி தாங்க வேண்டிய எண் 8+2+3 (அடிப்படை 8, ப்ரொஃபிஷியன்சி, விஸ்டம்), அதாவது 13. இந்த 13ஐ ஷீட்டில் பெரிதாக எழுதி வையுங்கள், ஆட்டத்தில் அடிக்கடி கேட்பார்கள்.

2024 என்றால் பேக்ரவுண்ட் தேர்வுதான் முக்கியம். கோயில் ஆள் என்று பெயரைப் பார்த்து எல்லோரும் அக்கோலைட் எடுப்பார்கள், ஆனால் அது இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மாவுக்குத்தான் போனஸ் தரும், கான்ஸ்டிட்யூஷனுக்கு எதுவும் இல்லை. ஹெர்மிட் எடுத்தால் கான்ஸ்டிட்யூஷனும் விஸ்டமும் இரண்டுமே உண்டு, ஹீலர் ஃபீட்டும் (தனித் திறமை) கூடவே வரும். ஹெர்மிட் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும், புது இலவச பிடிஎஃப்பை வைத்து ஆடுவதாக இருந்தால் சேஜ் எடுங்கள், அதிலும் அந்த இரண்டும் உண்டு. கான்ஸ்டிட்யூஷன் +2, விஸ்டம் +1 போட்டால் மேலே சொன்ன அதே 16, 16 வந்துவிடும். டொமைன் லெவல் 3ல்தான், ஆகவே கனமான கவசம் வேண்டுமென்றால் லெவல் 1ல் ப்ரொடெக்டர் என்கிற தேர்வை எடுக்க வேண்டும்.

இரட்டை_இருபது:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி, ஸ்ட்ரெங்த் 14 மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதை 8 ஆக்கி டெக்ஸ்டெரிட்டியை 14க்கு ஏற்றுங்கள், பாயிண்ட் அதேதான். ஸ்கேல் மெயில் கவசம் 14, டெக்ஸ்டெரிட்டி 2, கேடயம் 2, அதே 18 வந்துவிடுகிறது. அதோடு இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்பதற்கான உருட்டல்) -1க்குப் பதில் +2, நெருப்பு, பொறி மாதிரி ஆபத்துகளில் டெக்ஸ்டெரிட்டி சேவ் (ஆபத்திலிருந்து தப்பிக்கிற உருட்டல்) தான் அதிகம் கேட்கப்படும், அதிலும் தப்பிக்க வாய்ப்பு கூடும். சுத்தியலால் அடிக்கிற வேலை ஃபைட்டருடையது. உங்களுக்கு சேக்ரட் ஃப்ளேம் மந்திரம் இருக்கிறது, 60 அடி தூரத்திலிருந்து விஸ்டத்தை வைத்தே தாக்கலாம்.

கல்சுத்தியல்:

இரட்டை_இருபது சொல்வது நியாயம்தான், ஆனாலும் சுத்தியல் +1க்கு இறங்கிவிடும். டுவார்ஃப் எடுக்கிறவர் சுத்தியலை வீச ஆசைப்படுவார் என்றுதான் நான் 14 வைத்தேன். சேக்ரட் ஃப்ளேமில் எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவ் போட்டுத் தப்பித்தால் ஒன்றுமே ஆகாது, வேகமான எதிரியிடம் அது அடிக்கடி வீணாகும். இன்னொன்றும் உண்டு: செயின் மெயிலுக்கு ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், இல்லாவிட்டால் வேகம் 10 அடி குறையும். 2014 டுவார்ஃப்புக்கு அந்தக் குறைப்பு கிடையாது, 2024ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். எனவே புது விதியில் ஸ்ட்ரெங்த்தை 8 ஆக்கினால் செயின் மெயிலை மறந்துவிட்டு ஸ்கேல் மெயிலோடுதான் போக வேண்டும்.

புதுப்பகடை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டிஎம்மிடம் கேட்டேன், 2014 தான். ஸ்ட்ரெங்த் 14 வைத்து சுத்தியலோடு போகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. கூட்டுவது மாடிஃபையரைத்தான் என்றால் 16 என்கிற ஸ்கோர் எதற்கு, அதை அழித்துவிடலாமே? அப்புறம் மந்திரம் எத்தனை, எவை எடுப்பது? பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஊர்சுற்றி_பார்ட்:

ஸ்கோருக்கு வேலை இருக்கிறது. கவசத்துக்கு 13 என்று மேலே சொன்னார்களே, அது ஸ்கோரைப் பார்க்கிறது. சுமக்கிற எடை ஸ்ட்ரெங்த் ஸ்கோரை 15ஆல் பெருக்கி வரும் பவுண்டு, உங்களுக்கு 210. ஓடிவந்து நீளம் தாண்டினால் ஸ்கோர் எத்தனையோ அத்தனை அடி. பின்னால் இன்னொரு கிளாஸ் (கிளெரிக், ஃபைட்டர் மாதிரி தொழில்) சேர்க்க நினைத்தாலும் 13 கேட்பார்கள். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் மூன்று டி6 உருட்டி 3 முதல் 18 வரை வருவதுதான் ஸ்கோர். எல்லா ஸ்கோருக்கும் இன்றைக்கு இருக்கிற இதே மாடிஃபையர் கணக்கு 2000ல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது.

மந்திரத்துக்கு வருவோம். கேன்ட்ரிப் (சின்ன மந்திரம்) 3, அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். சேக்ரட் ஃப்ளேம், கைடன்ஸ், லைட் எடுங்கள் (டுவார்ஃப்புக்கு இருட்டில் கண் தெரியும், கூட வருகிற மனிதனுக்குத் தெரியாது). லெவல் 1 மந்திரத்தில் தயார் செய்துகொள்வது விஸ்டம் 3, லெவல் 1, ஆக 4. இவை போக லைஃப் டொமைனுக்கு ப்ளெஸ், க்யூர் வூண்ட்ஸ் இரண்டும் எப்போதும் தயாராக இருக்கும், அவற்றை இந்த நாலில் எண்ண வேண்டாம். ஆனால் ஸ்லாட் (லெவல் 1 மந்திரம் போடும்போது செலவாவது) இரண்டுதான். ஆறு மந்திரம் தெரிந்திருந்தாலும் ஒரு நீண்ட ஓய்வுக்குள் மொத்தம் இரண்டு முறைதான் போட முடியும், கம்ப்யூட்டர் ஆட்டத்திலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

என் நாலு: ஹீலிங் வேர்ட், கைடிங் போல்ட், ஷீல்ட் ஆஃப் ஃபெய்த், கமாண்ட். ஹீலிங் வேர்ட்தான் இதில் உயிர். போனஸ் ஆக்‌ஷனில் 60 அடி தள்ளி விழுந்து கிடக்கிறவனை எழுப்பலாம், அதே சுற்றில் சுத்தியலாலும் அடிக்கலாம். க்யூர் வூண்ட்ஸ் அதிகமாக ஆற்றும், லைஃப் டொமைன் சேர்த்து உங்களுக்கு டி8+6, ஆனால் பக்கத்தில் போய்த் தொட வேண்டும். ப்ளெஸ், ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் இரண்டுக்கும் கான்சென்ட்ரேஷன் தேவை, ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். எடுத்தது பிடிக்கவில்லையென்றாலும் கவலை இல்லை, கிளெரிக் நீண்ட ஓய்வு எடுத்ததும் முழுப் பட்டியலிலிருந்தும் வேறு நாலு தயார் செய்யலாம்.

எண்களைப் பற்றியே எல்லோரும் பேசிவிட்டோம், அதனால் ஒன்று. எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவர், எதற்காக மலையை விட்டு இறங்கி வந்தார், கூட வருகிறவர்களில் யாரை முன்பே தெரியும், இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதி டிஎம்மிடம் கொடுங்கள். மூன்று வரியே போதும், டிஎம் அதைப் பிடித்துக்கொண்டு கதைக்குள் உங்களை இழுப்பார். பத்துப் பக்க முன்கதை லெவல் 1ல் வேண்டாம், 12 ஹிட் பாயிண்ட் இருக்கிற ஆளுக்கு நடக்க வேண்டியதெல்லாம் இனிமேல்தான்.

இரட்டை_இருபது:

ஸ்கில் பற்றி யாரும் சொல்லவில்லை. கிளெரிக்குக்கு இரண்டு, பேக்ரவுண்டுக்கு இரண்டு. அந்தப் பிடிஎஃப்பில் பேக்ரவுண்ட் அக்கோலைட் ஒன்றுதான், அது இன்சைட், ரிலிஜன் தரும். அதனால் கிளெரிக் பட்டியலிலிருந்து மெடிசினும் பெர்சுவேஷனும் எடுங்கள், ஒரே ஸ்கில்லை இரண்டு முறை எடுத்தால் +2 இரண்டு தடவை சேராது. சேவிங் த்ரோவில் (மேலே சொன்ன சேவ்) விஸ்டம், கரிஸ்மா இரண்டுக்கும் ப்ரொஃபிஷியன்சி உண்டு, விஸ்டம் சேவ் +5, கரிஸ்மா +2 என்று குறித்துக்கொள்ளுங்கள். வேகம் 25 அடி. ஹிட் பாயிண்டையும் ஸ்லாட்டையும் பென்சிலில் எழுதுங்கள், மற்றது பேனாவில் இருக்கலாம்.