7 கிலோவும் கேமரா பையும்: பெங்களூரிலிருந்து பறந்தவர்களின் அனுபவங்கள்

கல்யாண ஒளிப்படக்காரர், அல்சூர்

மதுரை, கோவை, திருச்சி என்று ஊர்ப்பக்கத்துக் கல்யாணங்களுக்கு இங்கிருந்து டீமோடு பறக்கிறவன் நான். ரயில் என்றால் எத்தனை பெட்டியானாலும் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஆனால் சனிக்கிழமை பகலில் இங்கே நிச்சயதார்த்தம், ஞாயிறு விடியற்காலை அங்கே முகூர்த்தம் என்று வந்தால் விமானத்தை விட்டால் வழியில்லை. அங்கேதான் இந்த 7 கிலோ கணக்கு தொடங்குகிறது.

உள்நாட்டு விமானங்களில் எகானமி டிக்கெட்டுக்குப் பொதுவாக ஒரே ஒரு கைப்பை, 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இண்டிகோ மாதிரி சில நிறுவனங்களில் இதோடு சின்ன லேப்டாப் பை ஒன்றை 3 கிலோ வரை வைத்துக்கொள்ளலாம். சரி, 7 கிலோவில் என்ன வரும்? சோனி ஏ7 நான்காம் தலைமுறை பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, பேட்டரியோடு 658 கிராம். கல்யாணத்துக்கு இரண்டு பாடி வேண்டும், 1,316 ஆச்சு. லென்ஸ்களில் 24-70 ஜி.எம். இரண்டாம் பதிப்பு 695, 70-200 ஜி.எம். இரண்டாம் பதிப்பு 1,045. இதற்கே 3 கிலோ தாண்டிவிட்டது. ஃப்ளாஷ், பேட்டரி, சார்ஜர், ட்ரிக்கர் எல்லாம் இன்னும் ஏறவில்லை. நல்ல பஞ்சு வைத்த பை காலியாகவே 2 கிலோ வரும். சக்கரம் வைத்த கேமரா பெட்டி என்றால் 4 கிலோவைத் தொட்டுவிடும். அதனால் சக்கரப் பெட்டியை நான் விமானத்துக்கு எடுப்பதே கிடையாது. கொடுத்திருக்கிற 7 கிலோவில் பாதியைப் பெட்டியே தின்றால் லென்ஸை எங்கே வைப்பது?

போன ஆவணி முகூர்த்தத்துக்கு மதுரை போனபோது நடந்ததைச் சொல்கிறேன். வீட்டிலேயே தொங்கு தராசில் நிறுத்தி, மூன்று பேர் பையும் 7-க்குள் என்று உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினோம். கவுன்டரிலும் பிரச்சினை இல்லை. கேட்டில் போர்டிங் பாதி நடக்கும்போது ஊழியர் ஒருவர் வந்து, மேலே இடம் நிரம்பிவிட்டது, இனிமேல் ஏறுகிறவர்களின் பைகள் எல்லாம் கீழே சரக்குப் பகுதிக்குப் போகும் என்றார். எடை சரியாக இருந்தாலும் அதேதான்.

"மேடம், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கு, கீழே போடக்கூடாது" என்றேன்.

"தெரியும் சார். பேட்டரியை மட்டும் வெளியே எடுத்துக்குங்க, பையை டேக் போட்டுடறேன்."

அவர் சொன்னதுதான் விதி. பேட்டரி இருக்கிறது என்று சொன்னால் பையையே விட்டுவிடுவார்கள் என்று நம்பி வரிசையில் நிற்காதீர்கள். கழற்றி வைத்திருக்கும் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், ஆனால் பை வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. என்னிடம் பைக்குள் ஒரு பை எப்போதும் இருக்கும். மெல்லிய துணிப்பைதான், தோளில் மாட்டும் வார் வைத்தது. அதற்குள் ஒரு பாடி, அதில் மாட்டிய 24-70, ஒரு ஃப்ளாஷ், எல்லா பேட்டரியும், எல்லா மெமரி கார்டும். ஜிப்பைத் திறந்தேன், அதை உருவித் தோளில் போட்டேன், பெரிய பையைக் கொடுத்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கக்கூட நேரமில்லை.

இந்த உள்பையில் எது இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரே அளவுகோல்தான். மற்ற பெட்டி எதுவுமே ஊர் வந்து சேராவிட்டாலும் தாலி கட்டை எடுக்க முடிய வேண்டும். 70-200 இல்லையென்றால் மதுரையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். லைட் ஸ்டாண்டு, குடை, ட்ரைபாட் எல்லாம் அங்கேயே கிடைக்கும். முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது.

திரும்பி வரும்போது கணக்கு மாறும். அப்போது கேமராவைவிட கார்டுகள்தான் சொத்து. கார்டுகள் என் சட்டைப் பைக்குள், அதன் நகல் வைத்த எஸ்.எஸ்.டி. தம்பியின் பையில். ஒரே பையில் இரண்டையும் வைக்க மாட்டேன், செக்-இன் பெட்டியில் எதையும் வைக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், காட்டுயிர்ப் படங்கள் எடுப்பவர், பாணஸ்வாடி

தம்பி சொன்ன உள்பை யோசனை காட்டுக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும். ஆனால் எங்கள் சங்கடம் லென்ஸின் நீளம். சோனி 200-600 லென்ஸ் மட்டும் 2,115 கிராம், நிக்கான் 200-500 இன்னும் கூட, 2,300. நான் இரண்டு வருஷம் யோசித்து நிக்கான் 500 எஃப் 5.6 பி.எஃப். லென்ஸுக்கு மாறினேன். 1,460 கிராம்தான். டி500 பாடி பேட்டரியோடு 860. இரண்டும் சேர்த்து 2.3 கிலோ. ஜூம் போய்விட்டதே என்ற வருத்தம் கொஞ்சம் உண்டு, ஆனால் முதுகுக்கும் சரி, செக்-இன் கவுன்டருக்கும் சரி, அது நல்ல முடிவு.

காசிரங்கா போகும்போது குவாஹாட்டி வரை பெரிய விமானத்தில் போய், அங்கிருந்து 200 கி.மீ.க்கு மேல் காரில் போவதையே விரும்புகிறேன். ஜோர்ஹாட் விமான நிலையம் இன்னும் பக்கம்தான், சுமார் 100 கி.மீ.தான் வரும். எப்படியானாலும் எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போதும் விமானத்தின் வகையைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன். ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன ப்ரொப்பெல்லர் விமானம் போட்டிருந்தால் யோசியுங்கள். அதில் தலைக்கு மேலே இருக்கும் இடம் சிறியது. ஏர்பஸ் 320-இல் சுலபமாக ஏறும் பை அதில் ஏறாது.

அப்படி ஒரு ஏ.டி.ஆர். பயணத்தில் பையை ஏணிப்படிக்குக் கீழேயே வாங்கிக்கொண்டார்கள். என் மனைவி உடன் வந்திருந்தாள். லென்ஸை அவள் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள், பாடியை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பை மட்டும் கீழே போனது. இறங்கும்போது அங்கேயே படிக்கட்டுப் பக்கத்தில் திருப்பித் தருவார்களா, இல்லை பெல்ட்டில் வருமா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் என்றால் டேக்கின் பாதியைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

நிறையப் பைகள் வைத்த கையில்லாத ஜாக்கெட் ஒன்றும் போட்டுக்கொள்வேன். பேட்டரி, லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர், சார்ஜர் அதில் போய்விடும். உடம்பில் போட்டிருப்பதை யாரும் தராசில் வைத்ததில்லை. பாதுகாப்புச் சோதனையில் மட்டும் ஜாக்கெட்டையே கழற்றி ட்ரேயில் வைக்க வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். அப்புறம் ஜீப்பில் லென்ஸுக்கு அடியில் வைக்கும் பீன் பேக்கைக் காலியாக மடித்துக் கொண்டுபோங்கள். போகிற ஊரில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, கிளம்பும்போது தங்கிய இடத்துச் சமையற்காரரிடம் கொடுத்துவிடலாம். காட்டில் எடை வேண்டும், விமானத்தில் வேண்டாம்.

முன்பு விமான நிலையக் கவுன்டரில் வேலை செய்தவர், எலகங்கா

அண்ணா, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். கேட்டில் தராசு தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். மேலே இடம் நிரம்பிய பிறகு ஒருவர் பையோடு நடுவழியில் நின்றால் பின்னால் எல்லாரும் நிற்பார்கள். அதனால்தான் முன்கூட்டியே பைகளை வாங்குகிறார்கள். எடை கூடும் என்று தெரிந்தால் கவுன்டரிலேயே, அதைவிட வீட்டிலேயே, கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிடுங்கள். முன்பதிவில் வாங்குவது பொதுவாக மலிவு, கேட்டில் கட்டுவதுதான் வலிக்கும். போர்டிங்கில் முதல் ஆட்களாக ஏறப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

"உடையும் பொருள்" ஸ்டிக்கர் கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஒட்டுவோம். ஆனால் அதை நம்பி லென்ஸைக் கீழே அனுப்ப வேண்டாம் என்று என் சொந்த அண்ணனுக்கும் சொல்லியிருக்கிறேன். சில சமயம் ஒரு டேக்கில் கையெழுத்து கேட்பார்கள். அது, சேதம் வந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது என்பதற்கான கையெழுத்து. படித்துவிட்டுப் போடுங்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய்தான் உச்சவரம்பு. ஒரு நல்ல லென்ஸின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதிலும் செக்-இன் பெட்டிக்குள் வைத்த கேமரா, நகை, பணம் போன்றவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான நிறுவனங்கள் டிக்கெட் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. தொழிலுக்காகப் பறக்கிறவர்கள் பயணத்தையும் சேர்த்துக் காக்கும் கருவிக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்.

பேட்டரி விஷயத்தில்தான் அதிகச் சண்டை பார்த்திருக்கிறேன். கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர். சோனி இசட்100 பேட்டரி 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-ஹவர். ஆக 16.4 வாட்-ஹவர். 100 வரை தனி அனுமதி வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உதிரியாக இரண்டுதான். 160-க்கு மேல் பயணி எடுத்துப் போகவே முடியாது. வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் வி-மவுண்ட் பேட்டரிகளில் 98, 99 என்று பார்க்கிறீர்களே, அது இந்த 100-க்காகத்தான். 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-ஹவர் வரும். எழுத்து அழிந்துபோன பேட்டரியைக் கொண்டுவராதீர்கள். மேலே எதுவும் எழுதாத ஒன்றை நீங்கள் சொல்கிற கணக்கை நம்பி யாரும் அனுமதிக்க மாட்டார்கள். உலோக முனைகளில் டேப் ஒட்டுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள்.

இதில் எரிச்சல்படுகிறவர்களுக்கு ஒன்று. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்பும் முன்பே எரிந்துபோனது. தலைக்கு மேலே இருந்த பெட்டிப் பகுதியில் தொடங்கிய தீ, பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. கேபினில் தீ வந்தால் யாராவது பார்த்து அணைக்க வழியுண்டு, கீழே சரக்கோடு இருந்தால் அது கிடையாது. பவர் பேங்கை மேலே தள்ளாமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

நாட்டிய நிகழ்ச்சிகளை ஃபிலிமில் எடுப்பவர், ஜெயநகர்

ஃபிலிம் ரோல் எடுத்துப் போகிறவர்கள் குறைவு, இருந்தாலும் எழுதுகிறேன். செக்-இன் பெட்டியில் ஃபிலிம் வேண்டவே வேண்டாம், அங்கே எக்ஸ்ரே வலுவானது. கைப்பைக்கு வரும் புது சி.டி. ஸ்கேனர்களும் ஃபிலிமை மங்கச் செய்யும் என்று கோடக்கே எச்சரித்திருக்கிறது. அட்டைப் பெட்டிகளை வீட்டிலேயே பிரித்து, ரோல்களை மட்டும் உள்ளே தெரிகிற ஜிப் கவரில் போட்டுக் கொண்டுபோவேன். வரிசை குறைவாக இருக்கும் நேரத்தில் போய், கையால் பார்க்க முடியுமா என்று முதலிலேயே கேட்பேன். முடிவு அந்த அதிகாரியின் கையில்தான். பெங்களூரில் ஒரு முறை ஒரு பெண் காவலர் ஒவ்வொரு ரோலையும் எடுத்துப் பார்த்து, "இன்னும் இதெல்லாம் கிடைக்குதா?" என்று ஆச்சரியப்பட்டு, துணியால் துடைத்துச் சோதித்து அனுப்பினார். இன்னொரு ஊரில் மறுத்துவிட்டார்கள், ரோல்கள் எக்ஸ்ரேக்குள் போயின. அதிலிருந்து ஐ.எஸ்.ஓ. (ஒளி உணரும் வேகம்) 800-க்கு மேல் உள்ள ஃபிலிமைப் பயணத்துக்கு எடுப்பதில்லை.

வீடியோ எடிட்டர், ஒயிட்ஃபீல்டு

வெளிநாட்டுக் கல்யாணம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்குப் போனோம். இங்கே வெளிநாட்டு விமானங்கள் 2-ஆம் டெர்மினலிலிருந்து கிளம்புகின்றன. கிளம்பும்போதே சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கினோம். பாடி, லென்ஸ் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் அதில் இருக்கும். பொருளைக் காட்டச் சொல்வார்கள், ஆகவே பெட்டியை செக்-இன்னில் போடும் முன்பே இதை முடிக்க வேண்டும். திரும்பி வரும்போது அதிகாரி ஒருவர் எங்களை நிறுத்தி, இவ்வளவும் அங்கே வாங்கியதா என்று கேட்டார். தாளைக் கொடுத்தோம், எண்களை ஒத்துப் பார்த்தார், போகச் சொன்னார். பெரிய டீமாக, பெட்டி பெட்டியாகக் கருவி கொண்டுபோகிறவர்கள் ஏ.டி.ஏ. கார்னே எடுப்பது நல்லது, கருவியைத் தற்காலிகமாக வரி கட்டாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் ஆவணம் அது. இந்தியாவில் அதைத் தொழில் வர்த்தகச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிக்கி தருகிறது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் அதை ஏற்கும் நாடுகள்.

எனக்கு ஒரு கேள்வி. ட்ரைபாடைக் கேபினில் விடுவார்களா?

கல்யாண ஒளிப்படக்காரர், அல்சூர்

ஒரே ஊரில் ஒரு நாள் விட்டார்கள், இன்னொரு நாள் திருப்பி அனுப்பினார்கள். அதனால் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். ட்ரைபாடின் கால்களை மடக்கி, தலையைத் தனியாகக் கழற்றி, வேட்டிக்கும் போர்வைக்கும் நடுவில் சுற்றி 15 கிலோ செக்-இன் பெட்டியில் போடுகிறேன். கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலும் அப்படித்தான், பேட்டரி கழற்ற வருமென்றால் கழற்றி என்னோடு, வராதென்றால் கிம்பலே என்னோடு. ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவர், மல்டி டூல் எல்லாம் பெட்டிக்குத்தான். கேமரா பையின் ஓரப் பையில் சின்ன ஆலன் கீ ஒளிந்துகொண்டிருக்கும், கிளம்பும் முன் அதை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.