தேய்மானம் பணம் தருமாம்! பிபிஏ நோட்ஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி

பேரேட்டுப்பித்தன்:
பிபிஏ மேலாண்மைக் கணக்கியலுக்கு என்று ஒரு நோட்ஸ் டெலிகிராமில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரொக்கம் வந்ததையும் போனதையும் காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கைப் பகுதியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: தேய்மானம் (இயந்திரத்தின் விலையைப் பல வருடங்களுக்குப் பிரித்து ஏட்டில் எழுதும், ரொக்கம் வெளியே போகாத செலவு) நிறுவனத்துக்குப் பணம் தரும் மூலம். பக்கத்தில் நட்சத்திரம் வேறு.

எழுதின புண்ணியவானுக்கு ஒரே கேள்வி. இயந்திரம் தேய்ந்தால் பணம் வருமென்றால், ஆலையில் இருக்கிற அத்தனையையும் ஒரே வருடத்தில் தேய்த்து முடித்துவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார வேண்டியதுதானே?

ரொக்க விற்பனை 10 லட்சம், ரொக்கச் செலவு 7 லட்சம், தேய்மானம் 1 லட்சம். நிகர லாபம் 2 லட்சம். கழித்த 1 லட்சத்தைத் திரும்பக் கூட்டினால் கையில் 3 லட்சம். இப்போது தேய்மானத்தை 3 லட்சமாக்குங்கள். லாபம் பூஜ்யம், கூட்டுவது 3 லட்சம், கையில் அதே 3 லட்சம். தேய்மானமே போடாதீர்கள். லாபம் 3 லட்சம், கையிலும் 3 லட்சம். பணம் வந்தது விற்பனையில். நாமே கழித்ததை நாமே திருப்பி வைக்கிறோம், அவ்வளவுதான். இதுகூடத் தெரியாமல் நோட்ஸ்.

நிதிநரி:
வந்துட்டாருய்யா. லாப நட்டமில்லாப் புள்ளி பத்தின இழையில போன மாசம் வாங்கின அடி இன்னும் ஆறலை போல.

வரியை எங்க ஒளிச்சு வெச்சீங்க? கணக்குக்கு 25% வரி போடுங்க. தேய்மானம் இல்லேன்னா லாபம் 3 லட்சம், வரி 75,000, கையில 2,25,000. தேய்மானம் 1 லட்சம் போட்டா லாபம் 2 லட்சம், வரி 50,000, கையில 2,50,000. அந்த 25,000 வானத்துலேர்ந்து விழுந்துச்சா? நோட்ஸ் சொல்றது சரிதான்.

பேரேட்டுப்பித்தன்:
கட்டாமல் மிச்சமானது வரவு ஆகிவிடுமா? பஸ்ஸில் போகாமல் நடந்து போனால் 20 ரூபாய் சம்பாதித்தேன் என்று எழுதுவீர்கள் போலிருக்கிறது.

அது இருக்கட்டும். நீங்கள் கழித்த 1 லட்சம் எந்தத் தேய்மானம்? இலாப நட்டக் கணக்கில் போடுவது 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி. பொது இயந்திரத்துக்கு ஆயுள் 15 ஆண்டு, மேஜை நாற்காலிக்கு 10, லேப்டாப்புக்கு 3, ஆயுள் முடிவில் எஞ்சிய மதிப்பு சாதாரணமாக 5%க்கு மேல் போகக் கூடாது. வருமான வரிக்காரன் அந்தத் தொகையை முதல் வேலையாக லாபத்தோடு திரும்பக் கூட்டிவிட்டு, தன் விகிதத்தில் தனியாகக் கழிப்பான். பொது இயந்திரத்துக்கு 15%, கம்ப்யூட்டருக்கு 40%, மேஜை நாற்காலிக்கு 10%, எல்லாம் குறைந்து செல் மதிப்பில், அதாவது முன்வருடம் கழித்தது போக மீதியில். வாங்கின வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான். ஆகவே ஏட்டில் தேய்மானத்தை இரட்டிப்பாக்கினாலும் கட்டுகிற வரி ஒரு பைசா குறையாது. அந்த வித்தியாசத்துக்குத்தான் ஒத்திவைத்த வரி என்று ஒரு பாடமே இருக்கிறது. அதற்கும் டெலிகிராமில் நோட்ஸ் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

பணம் விற்பனையில் வந்தது.

நிதிநரி:
ஏட்டுத் தேய்மானமோ வரித் தேய்மானமோ, ரெண்டுமே தேய்மானம்தானே? எம்பிஏ ஃபைனான்ஸ்ல மூலதனத் திட்டத்துக்கு என்பிவி (நிகர இன்றைய மதிப்பு) போடும்போது வரித் தேய்மானத்தைத்தான் எடுப்பாங்க. 10 லட்சம் இயந்திரம், முழு வருஷம் ஓடினா முதல் வருஷம் 1,50,000, ரெண்டாவது 1,27,500, மூணாவது 1,08,375. 25% வரின்னா மிச்சம் 37,500, 31,875, அப்புறம் 27,094 சொச்சம். மார்ச்ல வாங்கிப்போட்டா முதல் வருஷம் 75,000தான். பசங்க இங்க 10 லட்சத்தை 15ஆல வகுத்து எல்லா வருஷத்துக்கும் ஒரே தொகை போட்டுட்டு மார்க் போச்சேன்னு அழுவாங்க. வரியில மிச்சமாகுற இந்தத் தொகையெல்லாம் ரொக்க வரத்து. அதுல தேய்மானத்தால வர்ற பங்கு இருக்கு. மூலம்தான்.

பேரேட்டுப்பித்தன்:
நட்டத்தில் ஓடுகிற கம்பெனிக்கு? வரியே கிடையாது. தேய்மானம் 1 லட்சம், நிகர நட்டம் 40,000. செயல்பாட்டில் ரொக்கம் 60,000. வரி மிச்சம் சைபர். இப்போது சொல்லுங்கள், உங்கள் மூலம் எங்கே போய்ப் படுத்துக்கொண்டது?

நிதிநரி:
லாபம் பத்தாம கழிக்க முடியாமப் போன, அதாவது ஈடுகட்டாத தேய்மானத்தைக் காலவரம்பில்லாம முன்னெடுத்துட்டுப் போலாம். தொழில் நட்டத்துக்குத்தான் 8 வருஷக் கெடு. அப்ப வரும்.

பேரேட்டுப்பித்தன்:
அப்போது வரும்! இப்போது வரவில்லை. நன்றி, வாக்குமூலம் பதிவாகிவிட்டது.

கொங்குத்தறி:
ரெண்டு பேரும் கம்பெனி நடத்துற எடத்தையே பாக்க மாட்டேங்கிறீங்க. தேய்மானம் புடிக்காம டிவிடெண்ட் அறிவிக்க முடியாதுங்க, கம்பெனிச் சட்டம் 123ஆம் பிரிவு. அந்த 1 லட்சத்தப் புடிக்காம உட்டா 3 லட்சமும் லாபம்னு பங்குதாரருக்கே போயிரும். புடிச்சா 2தான் போகும், 1 உள்ளயே தங்கும். பழைய இயந்திரத்துக்குப் பதிலு வாங்க அதுதானுங்க ஆதாரம். மூலம்னு சொன்னா என்ன தப்பு?

பேரேட்டுப்பித்தன்:
தங்குவது வேறு, வருவது வேறு. சட்டியில் இருந்த சோற்றை மூடி வைத்தால் மூடியா சோறு ஆக்கியது?

தவிர, உள்ளே தங்கியது ரொக்கமாகவே தங்கும் என்று யார் சொன்னது? அது கடனாளியிடமோ சரக்கிலோ முடங்கியிருக்கலாம். இருப்புநிலைக் குறிப்பில் திரண்ட தேய்மானம் (இதுவரை போட்ட தேய்மானத்தின் மொத்தம்) 50 லட்சம் இருக்கும், வங்கியில் சம்பளம் போடக் காசிருக்காது. பணத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டுமானால் தேய்மான நிதி முறை இருக்கிறது. வருடாவருடம் வெளியே முதலீடு செய்து, அந்தப் பத்திரங்களை விற்று இயந்திரம் வாங்குவது. பதினொன்றாம் வகுப்புக்காரனைக் கேட்டால் சொல்வான்.

யாழ்க்கணக்கன்:
காலமையிலயிருந்து வாசிச்சுக்கொண்டிருக்கிறன். இதில என்ன சண்டை எண்டு விளங்கேல்லை. பெறுமானத்தேய்வுக் கணக்கை, அதுதான் உங்கட தேய்மானத்தை, வரவு வைக்கிறது, அதைச் சேர்த்து வைக்கிற ஏற்பாட்டுக் கணக்கைச் செலவு வைக்கிறது. காசு கணக்கு இதில எங்கையும் வரேல்லை. காசுப்பாய்ச்சல் கூற்றில, அதுதான் ரொக்க ஓட்ட அறிக்கையில, திருப்பிக் கூட்டுறது ஒரு சீராக்கம். முடிஞ்சுது.

பேரேட்டுப்பித்தன்:
பார்த்தீர்களா, கடல் தாண்டியும் பரவிவிட்டது! தேய்மானத்தை வரவு வைப்பாராம்! தேய்மானம் பற்று ஐயா, பற்று. செலவினம். வரவு வைத்தால் லாபம் கூடிவிடும். இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

யாழ்க்கணக்கன்:
அண்ணை, எங்கட பாடத்திட்டத்தில டெபிட் எண்டால் வரவு, கிரெடிட் எண்டால் செலவு. உங்கட பக்கம் கிரெடிட்டுக்குத்தான் வரவு எண்டு சொல்லுறது. நான் நீங்கள் சொன்னதையேதான் சொன்னனான். ஆளைப் பாத்து அடியுங்கோ.

பின்பெஞ்ச்:
செம. ஒரே வார்த்தை, நேர் எதிர் பக்கம். பித்தன் சார் தன்னோட கட்சிக்காரரையே போட்டுட்டாரு.

பேரேட்டுப்பித்தன்:
கிரெடிட்டுக்குச் செலவு என்று பெயர் வைத்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? கடன் கொடுத்தவர் கணக்கைச் செலவு வைப்பதாம். பற்று வரவு என்பது மளிகைக்கடைச் சிட்டையிலும் இருக்கிற சொல். வாங்கியவன் பெயரில் பற்று எழுதுவார்கள், அவன் பணம் கொடுத்தால் வரவு. அதில் என்ன குறை கண்டீர்கள்?

யாழ்க்கணக்கன்:
காசு உள்ள வந்தால் காசுக் கணக்கை வரவு வைக்கிறது, வெளிய போனால் செலவு வைக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். உங்கட முறையில காசு உள்ள வரேக்க 'பற்று' எழுதவேணும். எது குழப்பம்? மேலாண்மை எண்டும் நாங்கள் சொல்லுறேல்லை, முகாமைத்துவம் எண்டுதான் சொல்லுறது. ஐந்தொகை எண்டு அழகான சொல் இருக்கேக்க 'இருப்புநிலைக் குறிப்பு' எண்டு ஒரு முழத்துக்கு எழுதுறியள்.

கொங்குத்தறி:
ஐந்தொகை நல்லா இருக்குதுங்க. ஆனா முகாமைத்துவம் வாயில நொழையல.

நிதிநரி:
இழை எங்கயோ போகுது, பித்தனுக்கும் அதான் வசதி. விஷயத்துக்கு வாங்க. பங்குச் சந்தையில பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் மறைமுக முறையிலதான், அதாவது லாபத்துலேர்ந்து ஆரம்பிச்சுத்தான், ரொக்க ஓட்ட அறிக்கை தரணும்னு சந்தையைக் கண்காணிக்கிற செபி விதி. எந்த ஆண்டறிக்கையை வேணும்னாலும் திறங்க. வரிக்கு முந்தைய லாபம், அடுத்த சில வரிக்குள்ள தேய்மானம், கூட்டல். மைனஸ் இல்ல, பிளஸ். பிளஸ்னா வரத்து. இதுக்கு மேல என்ன வேணும்?

பேரேட்டுப்பித்தன்:
அதே கம்பெனிக்கு நேரடி முறையில் எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் பெற்றது, சரக்களித்தோருக்குக் கொடுத்தது, ஊழியருக்குக் கொடுத்தது, வரி கட்டியது. மொத்தம் அதே தொகை வரும். அதில் தேய்மானம் என்று ஒரு பதிவைக் காட்டுங்கள், நான் இந்தத் தளத்தில் என் கணக்கையே மூடிவிட்டுப் போகிறேன். மூலமென்றால் முறையை மாற்றினதும் ஏன் காணாமல் போகிறது?

நிதிநரி:
வரி கட்டினதுன்னு ஒரு பதிவு இருக்கே, அதுக்குள்ள இருக்கு.

பேரேட்டுப்பித்தன்:
ஒளிந்துகொண்டிருக்கிறதா? சரி சரி.

பின்பெஞ்ச்:
'மூலம்'னா என்ன அர்த்தத்துல பேசுறீங்கன்னு ரெண்டு பேரும் ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிடும்ல? நிதி ஓட்ட அறிக்கையில நிதின்னா நடைமுறை முதல் (நடப்புச் சொத்துல நடப்புக் கடன் போக மீதி), ரொக்க ஓட்டத்துல ரொக்கமும் அதுக்குச் சமமானதும். அதுல ஒண்ணு, இதுல ஒண்ணா?

பேரேட்டுப்பித்தன்:
அர்த்தமெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது தம்பி. நிதி ஓட்டம் 1981 காலத்துச் சரக்கு. ஏஎஸ் 3 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலையை 1997 மார்ச்சில் திருத்தி ரொக்க ஓட்டமாக்கிவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள்தான் இன்னும் அந்தப் பழைய படிவத்தைப் பாடத்தில் வைத்துக்கொண்டு, இடது பக்கம் மூலங்கள், வலது பக்கம் பயன்பாடுகள் என்று கோடு போடச் சொல்கின்றன. அங்கிருந்துதான் இந்த வியாதி.

பின்பெஞ்ச்:
அப்ப இந்தக் கணக்குக்கு வழி சொல்லுங்க. இயந்திரம் தொடக்கம் 5,00,000, இறுதி 6,00,000. திரண்ட தேய்மானம் 1,40,000லேர்ந்து 1,70,000. வாங்கின விலை 80,000, அதுவரைக்கும் போட்ட தேய்மானம் 50,000 உள்ள இயந்திரத்தை 20,000க்கு வித்தாச்சு. நோட்ஸ்ல தேய்மானம் 30,000ன்னு கூட்டியிருக்கு.

பேரேட்டுப்பித்தன்:
அந்த நோட்ஸைக் கொளுத்துங்கள். 30,000 என்பது இரண்டு இருப்புகளின் வித்தியாசம், இந்த வருடத் தேய்மானம் அல்ல. விற்ற இயந்திரத்தோடு அதன் 50,000மும் வெளியே போய்விட்டது. 1,40,000இல் 50,000 போனால் 90,000. இறுதியில் 1,70,000 ஆக வேண்டுமென்றால் இந்த வருடம் 80,000 போட்டிருக்க வேண்டும். இயந்திரக் கணக்கில் 5,00,000இலிருந்து 80,000ஐ எடுத்தால் 4,20,000, ஆகவே புதிதாக வாங்கியது 1,80,000. ஏட்டு மதிப்பு 30,000, விற்றது 20,000, நட்டம் 10,000. செயல்பாட்டில் 80,000மும் 10,000மும் கூட்டு. முதலீட்டுப் பகுதியில் 20,000 உள்ளே வந்தது, 1,80,000 வெளியே போனது. இரண்டு பேரேட்டுக் கணக்கையும் தனித்தனியே திறக்காமல் மனக்கணக்குப் போட்டால் இந்த 30,000தான் வரும்.

நிதிநரி:
10,000 நட்டத்தையும் கூட்டுறீங்க. அப்ப நட்டமும் மூலமா? 😄

பேரேட்டுப்பித்தன்:
அதைத்தானே நான் கேட்கிறேன்! தேய்மானம் மூலமென்றால் நட்டமும் மூலம். நாளைக்கு அடிமாட்டு விலைக்கு எல்லா இயந்திரத்தையும் விற்று நட்டமாக்குங்கள், பணம் கொட்டும்.

நிதிநரி:
வித்த நட்டத்துக்கும் வரியில பலன் வரலாமே.

பேரேட்டுப்பித்தன்:
இல்லை! வருமான வரியில் தனி இயந்திரத்துக்கு நட்டம் கிடையாது, ஒரே விகிதச் சொத்துகளைச் சேர்த்து வைத்த சொத்துத் தொகுப்பிலிருந்து விற்ற 20,000ஐக் கழிப்பார்கள், மீதிக்குத் தேய்மானம் தொடரும். இதுகூடத் தெரியாமல் எம்பிஏ ஃபைனான்ஸ் பேச வந்துவிட்டார்.

நிதிநரி:
பாத்தீங்களா, திரும்பவும் தேய்மானத்துலதான் வந்து நிக்குறீங்க.

கொங்குத்தறி:
ஒரு சந்தேகமுங்க. 1 லட்சம் தேய்மானத்துல 40% விக்காத துணியோட அடக்க விலையில ஏறிக் குடோன்ல கெடக்குது. இலாப நட்டத்துல வந்தது 60,000தான். எவ்வளவு கூட்டோணும்?

யாழ்க்கணக்கன்:
1,00,000 கூட்டினால் சரக்கு இருப்பு அதிகரிப்பை அந்த 40,000மும் சேர்த்துக் கழிக்கவேணும். 60,000 கூட்டினால் இருப்பு அதிகரிப்பில அந்த 40,000ஐ நீக்கிப்போட்டுக் கழிக்கவேணும். ரெண்டும் ஒரே விடை. ஒண்டைக் கூட்டி மற்றதைக் கழிச்சால் பிழைக்கும்.

பேரேட்டுப்பித்தன்:
சரியாகச் சொன்னார். தேய்மானம் குடோனில் கிடந்தாலும் பணம் தருவதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

யாழ்க்கணக்கன்:
நான் அப்பிடிச் சொல்லேல்லை. விடையை மட்டும்தான் சொன்னனான். முதல்ல 'கடல் தாண்டியும் பரவிவிட்டது' எண்டதுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு மற்றதைக் கதையுங்கோ.

பேரேட்டுப்பித்தன்:
வரவு என்று எழுதினால் தமிழ்நாட்டில் கிரெடிட் என்றுதான் படிப்பார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

யாழ்க்கணக்கன்:
இந்தத் தளம் தமிழ்நாட்டுக்கு மட்டும் எண்டு எங்க எழுதியிருக்கு?

நெறியாளர்:
சொல்லாராய்ச்சியைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தேய்மானம் மட்டும்.

நிதிநரி:
நெறியாளரே, தேய்மானம் முடிஞ்சிருச்சு. 25,000 எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவர் இதுவரைக்கும் பதில் சொல்லலை.

பேரேட்டுப்பித்தன்:
மூன்று முறை சொல்லியாகிவிட்டது. விற்பனையில் வந்த 3 லட்சத்துக்குள் இருக்கிறது அது. முதல் பதிவை மறுபடி படியுங்கள். 10 லட்சம், 7 லட்சம், 1 லட்சம்.

நிதிநரி:
வரி இல்லாத அந்தக் கணக்கா?

பின்பெஞ்ச்:
நற்பெயரை (குட்வில்) எழுதித்தள்ளுற தொகையும் இதே மாதிரிதான் கூட்டணுமா?

பேரேட்டுப்பித்தன்:
கூட்ட வேண்டும். ஆனால் அதையும் மூலம் என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.